ரிவ்யூவே இல்லாமல் ஏற்புக் கடிதம் வந்திருக்கிறது, பணம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

நண்டு ஆராய்ச்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் விலங்கியலில் பிஎச்டி செய்கிறேன். வேலை முழுக்க பாக் விரிகுடாப் பக்கம், தேவிபட்டினத்திலிருந்து மோர்ப்பண்ணை வரை. நீலக்கால் நண்டு எந்த மாதங்களில் அதிகம் சினையோடு வருகிறது, எவ்வளவு சின்ன நண்டில் சினை தென்படத் தொடங்குகிறது என்பதுதான் தலைப்பு. வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, வெர்னியரை வைத்து ஓட்டின் அகலத்தை முள்ளுக்கு முள் அளப்பேன். சினையின் நிறத்தையும் எழுதிக்கொள்வேன். மஞ்சளாக இருந்தால் புதிது, கறுத்துவிட்டால் குஞ்சு பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வியாபாரி ஐஸ் போட்டுப் பெட்டியை ஏற்றுவதற்குள் முடித்தாக வேண்டும்.

பேப்பரின் முதல் வரைவை கைடிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். எங்கள் லேபில் ஒரு சீனியர், கைடு சொன்னதாகச் சொல்லி, என்னிடம் கேட்காமலே அதை ஒரு ஜர்னலுக்கு அனுப்பிவிட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்துவிட்டது. பேப்பரைப் படித்துச் சரிபார்க்க வேண்டிய ரிவ்யூவரின் கருத்து என்று ஒரே ஒரு வரி: நல்ல பேப்பர், அப்படியே வெளியிடலாம். அந்த வரைவில் இரண்டாம் அட்டவணையில் மூன்று மாதக் கணக்கு இன்னும் நிரப்பவே இல்லை. கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அதைக்கூட யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமைக்குள் 3,500 ரூபாய் கட்டி, காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. ஆசிரியர் பட்டியலில் என் பெயர், கைடு பெயர், சீனியர் பெயர், அப்புறம் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவரின் பெயர். அவர் இந்த வேலையில் ஒரு நண்டைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மோர்ப்பண்ணையில் எனக்கு எல்லாம் காட்டிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாட்டுப்படகில் நண்டு வலை போடுபவர். எந்தக் கடற்புல் திட்டில் சினை நண்டு தங்கும், எந்தக் காற்றில் வெளியே நகரும் என்று அவர் சொல்லித்தான் நான் மாதிரி எடுக்கும் இடங்களையே மாற்றினேன். அவர் பெயர் நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை.

பணம் கட்டவா, வேண்டாமா? பேப்பரைத் திரும்பப் பெற முடியுமா? பெயர் விஷயத்தை கைடிடம் எப்படிப் பேசுவது? அவரைப் பகைத்துக்கொண்டால் தீசிஸ் நின்றுவிடும் என்று பயமாகவும் இருக்கிறது.

*

சாயல்குடி எழுதியது:

தோழி, கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் இப்படித்தான் போட்டார்கள். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருந்த ஜர்னல் என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நல்ல ஜர்னலுக்கு அனுப்பினால் எட்டு மாதம், ஒரு வருடம் இழுக்கும். ஃபெலோஷிப் முடிந்துவிட்டால் சோறு யார் போடுவது? இதையும் யோசியுங்கள்.

*

மண்டபம் வாத்தியார் எழுதியது:

அம்மா, பணம் கட்டாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. கையெழுத்துதான் முக்கியம். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்து, கொடுப்பவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்திட்டிருந்தால்தான் செல்லும். நீங்கள் போடாதவரை உங்கள் எழுத்து உங்களுடையதுதான். சீனியர் உங்களுக்காக எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்டபம் பக்கம் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஜர்னல்களுக்கு ரிவ்யூ செய்வதை இன்னும் விடவில்லை. உங்கள் பேப்பர் என் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்கிறேன், அப்போது அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய மோசடி என்று தெரியும். முதலில் ஆண், பெண், சினை நண்டு எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பேன், மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று. அடுத்தது வலையின் கண்ணி அளவு. பெரிய கண்ணி வலையில் சின்ன நண்டு நிற்காது. அந்த மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் சினை இந்த அளவில் வருகிறது என்று எழுதினால், நண்டைப் பற்றிச் சொன்னதாக ஆகாது, வலையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. மே மாத மாதிரி விசைப்படகில் எடுத்தது என்று ஒரு பேப்பரில் இருந்தால் அந்த இடத்திலேயே பேனா நின்றுவிடும். காலிக் கட்டங்களோடு வந்த அட்டவணையை ஒருவர் படித்துவிட்டு நல்ல பேப்பர் என்று எழுதியிருக்க முடியாது. படிக்கவே இல்லை. படித்ததாகச் சொல்லித்தான் காசு கேட்கிறார்கள்.

சாயல்குடி தம்பி சொன்ன ஃபெலோஷிப் கவலை உண்மையானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பட்டியலை நம்பச் சொல்வதை ஏற்க மாட்டேன். யூஜிசி 2017-இல் ஒரு பட்டியல் போட்டது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 ஜர்னல்களைத் தானே நீக்கியது. 2019-இல் அதற்குப் பதிலாகக் கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, ஜர்னலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பட்டியலில் இருந்தது என்ற ஒரே காரணத்தைக் காட்டிப் பேப்பர் போட்டவர்கள் இன்றைக்கு நேர்காணலில் என்ன பதில் சொல்வார்கள்?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2013-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், எந்த ரிவ்யூவரும் முதல் பார்வையிலேயே பிடித்துவிடக்கூடிய தவறுகளை வேண்டுமென்றே வைத்து, ஒரு போலிப் பேப்பரை 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. சயின்ஸ் இதழில் அந்தக் கதை முழுவதும் வந்தது. ஜர்னல்கள் வெளியிடும் ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் அங்குள்ள நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவிட்டது. ரிவ்யூ பற்றிப் பொய், எடிட்டர் குழு பற்றிப் பொய், கட்டணத்தை முதலில் மறைத்தது, எழுதியவர் திரும்பக் கேட்டால் கொடுக்காதது என்று குற்றச்சாட்டுகள். உங்கள் கதையும் இதே வழியில்தான் போகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காசு கேட்பதாலேயே ஒரு ஜர்னல் போலி ஆகிவிடாது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று திறந்து வைக்கும் நல்ல ஜர்னல்கள் பலவும் எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. பெரிய பெயர் இருப்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது. வைலி நிறுவனம் வாங்கிய ஹிந்தாவி ஜர்னல்களில், ரிவ்யூ முறையையே ஆட்கள் உள்ளே புகுந்து கெடுத்துவிட்டதால், 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஆகவே பேப்பரை ஒருவர் உண்மையாகவே உட்கார்ந்து படித்தாரா என்று கேளுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், நம் கரையில் எழுதியவை நிலைத்திருக்கின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் ஜர்னல் 1959-இல் தொடங்கியது. அதன் முதல் தொகுதியிலேயே, இங்கே தொட்டியில் வைத்து வளர்த்த ஒரு ஜோடி ஆவுளியா என்ற கடற்பசுக்களைப் பற்றி எஸ். ஜோன்ஸ் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் காசு கொடுக்காமல் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஆவுளியாவைப் பற்றி எழுதுகிறவர் அதை எடுத்து வைத்து ஒப்பிட முடிகிறது. போலி ஜர்னலின் வலைத்தளமோ வாடகை கட்டாத அன்றைக்கு மறைந்துபோகும். உங்கள் நண்டுக் கணக்கும் அதோடு போகும். போகாமல் நின்றால் இன்னும் ஆபத்து. நாளைக்கு யாராவது உங்கள் பேப்பரைக் காட்டி, இன்ன மாதத்தில் நண்டு வலை போடக்கூடாது என்று விதி கொண்டுவரலாம். காலியாக இருந்த மூன்று மாதத்தை யாரோ ஊகத்தில் நிரப்பியிருந்தால், அந்த விதியால் மோர்ப்பண்ணையில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று நினைத்துப் பாருங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை மற்றத் துறைகளிலும் பலர் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வின் திட்டத்திலோ, தரவு சேகரிப்பிலோ, அதை விளக்குவதிலோ கணிசமான பங்கு வேண்டும். எழுதுவதிலோ அறிவார்ந்து திருத்துவதிலோ பங்கு வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். நிர்வாகத்தில் இருப்பவர் எதிலும் வர மாட்டார், அந்தப் பெயர் போக வேண்டும். பேப்பரை அனுப்பியது மட்டும்தான் சீனியரின் பங்கு என்றால் அவரும் அப்படித்தான்.

அந்த நண்டு வலை அண்ணனைப் பற்றிப் பலர் உங்களிடம் வேறு மாதிரி சொல்வார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுதவில்லை, ஆகவே நன்றி மட்டும் போதும் என்பார்கள். அதே குழு இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது: முதல் தகுதி உள்ளவருக்கு எழுதவும் ஒப்புதல் கொடுக்கவும் வாய்ப்பே தராமல் வைத்து, பிறகு அதையே காரணம் காட்டி விலக்கக்கூடாது. எங்கே மாதிரி எடுப்பது என்று மாற்றியது அவர் அறிவு, அது திட்டத்தில் பங்கு. நீங்கள் செய்ய வேண்டியது, வரைவைத் தமிழில் அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டுவது. எது தப்பு என்கிறாரோ அதைத் திருத்துங்கள். எதற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று விளக்குங்கள். சரி என்றால் பெயர் பட்டியலில் வரட்டும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லும் இடத்தில், அதற்கும் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு.

கைடிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். குற்றம் சாட்ட வேண்டாம். காலிக் கட்டம் உள்ள அட்டவணையையும் அந்த ஒரு வரி ரிவ்யூவையும் மேசையில் வைத்து, சார், இதில் உங்கள் பெயரும் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பல கைடுகளுக்கு லேபில் நடப்பது முழுக்கத் தெரிவதில்லை.

*

வாடைக்காற்று எழுதியது:

தங்கச்சி, நானும் திருப்பாலைக்குடிப் பக்கம் நண்டு வலைதான். வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஒன்றை மட்டும் நான் சேர்க்கிறேன். அந்த அண்ணன் காட்டின இடத்தை அப்படியே எண் போட்டு வரைபடத்தில் போட்டுவிடாதீர்கள். கரையில் தெரிகிற கோயிலையும் பனையையும் அடையாளம் வைத்து அப்பா காலத்திலிருந்து போகிற இடம் அது. எங்கள் பக்கம் முன்பு ஒருத்தர் வந்து ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு போனார். பிற்பாடு அந்தத் திட்டிலேயே விசைப்படகுக்காரன் வலை இழுத்தான். அவர் எழுதினதைப் பார்த்துத்தான் வந்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை. புல்லைப் பிடுங்கிப் போட்டால் நண்டு எங்கே தங்கும்? வந்தவர் எழுதினதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. படித்துக் காட்டுங்கள் என்று வாத்தியார் சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள். பெயர் போடுவதைவிட எனக்கு அதுதான் பெரிது.

*

நூலகம் ராம்நாடு எழுதியது:

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். சரிபார்க்கிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அந்த ஜர்னலை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண்ணை ஐஎஸ்எஸ்என் தளத்தில் போட்டு, அதே பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். எண் இருப்பது தரத்துக்குச் சான்று கிடையாது, ஆனால் பெயர் மாறி வந்தால் மோசடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் வந்த பழைய பேப்பர் ஒன்றின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு பேப்பருக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாளம்) தட்டிப் பாருங்கள், திறக்கிறதா என்று. பதிப்பு நெறிக்கான கோப் அமைப்பின் முத்திரையைப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தால் நம்பாதீர்கள், கோப் தளத்திலேயே உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. ஒரு ஜர்னலின் பேப்பர்களை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர், கிளாரிவேட் நிறுவனம் கொடுப்பது மட்டும்தான். வேறு யாரோ கொடுத்த இம்பாக்ட் ஃபேக்டர் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். நல்ல ஜர்னலின் பெயரை அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துவதும் உண்டு. திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் அப்படிக் கடத்தப்பட்ட ஜர்னல்களின் பட்டியலை வைத்திருக்கிறது.

இன்னொன்று, 2022-ஆம் ஆண்டு யூஜிசி விதிகளில் தீசிஸ் கொடுப்பதற்கு முன் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதை எடுத்துப் படித்துவிட்டுப் பயப்படுங்கள். பல பேர் பழைய விதியை நினைத்துக்கொண்டே அவசரப்படுகிறார்கள்.

*

நண்டு ஆராய்ச்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நூலக அக்கா சொன்னபடி பார்த்தேன். அந்த ஐஎஸ்எஸ்என் எண்ணுக்கு வேறொரு ஜர்னல் பெயர் வருகிறது, அதுவும் மீனுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லாத ஒன்று. சீனியரிடம் கேட்டேன், எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றார். கைடைப் பார்த்து அட்டவணையைக் காட்டினேன். அனுப்பச் சொன்னது அவர்தான், ஆனால் எந்த ஜர்னல் என்று கேட்கவில்லை என்றார். பணம் கட்ட வேண்டாம், நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டார். நிர்வாகத்தில் உள்ளவர் பெயரைப் பற்றி மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்கிறார்.

வாடைக்காற்று அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு வரைபடத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இடங்களைச் சொல்லாமல் பேப்பர் எழுத முடியுமா, ரிவ்யூவர் கேட்க மாட்டாரா? திரும்பப் பெறுகிறோம் என்று ஜர்னலுக்கு எப்படி எழுதுவது?

*

மண்டபம் வாத்தியார் எழுதியது:

கைடு நிறுத்தச் சொன்னதே பெரிய விஷயம். பெயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நல்ல ஜர்னல்கள் பலவற்றில் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் படிவத்தை இப்போதே கைடிடம் கொடுத்து, நிர்வாகத்தில் இருப்பவர் பெயருக்கு நேரே என்ன எழுதுவது சார் என்று கேளுங்கள். எழுத ஒன்றும் இல்லை என்று கைடே பார்த்துக்கொள்ளட்டும். அப்போதும் மசியவில்லை என்றால் உங்கள் டாக்டரல் கமிட்டியில் எழுத்து மூலம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இடங்களைப் பற்றி ரிவ்யூவர் கேட்பார். எந்த ஊர்க் கரையில் இறங்கிய நண்டு, எவ்வளவு ஆழம், என்ன வலை, கடற்புல் உண்டா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். சினைப் பருவம் பற்றிய கேள்விக்கு அது போதும். துல்லியமான எண்களை மீனவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை, எடிட்டர் கேட்டால் அவருக்கு மட்டும் காட்டத் தயார் என்று ஒரு வரி எழுதுங்கள். அழியக்கூடிய உயிர்களின் இடத்தை இப்படி மறைத்துச் சொல்வது ஏற்கெனவே உள்ள வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜர்னலுக்குச் சுருக்கமாக எழுதுங்கள், சண்டை வேண்டாம். இப்படி: "இந்தப் பேப்பர் முதன்மை ஆசிரியரின் ஒப்புதல் இல்லாமல் அனுப்பப்பட்டது. காப்புரிமை மாற்றப் படிவத்தில் நாங்கள் யாரும் கையெழுத்திடவில்லை, கட்டணமும் செலுத்தவில்லை. இதை வெளியிட உங்களுக்கு அனுமதி இல்லை. திரும்பப் பெற்றதை உறுதிப்படுத்தி ஏழு நாளில் பதில் அனுப்பவும்." கைடையும் சீனியரையும் நகலில் சேருங்கள். திரும்பப் பெறக் கட்டணம் என்று ஒன்றைக் கேட்பார்கள், பத்து பைசா கொடுக்காதீர்கள். மிரட்டினாலும் பதில் போடாமல் எல்லா மெயிலையும் சேமித்து வையுங்கள்.

அடுத்து எந்த ஜர்னலுக்கு அனுப்பினாலும், நடந்ததை முதல் கடிதத்திலேயே எடிட்டருக்குச் சொல்லி, திரும்பப் பெற்ற மெயிலை இணைத்துவிடுங்கள். ஒரே பேப்பரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பியதாக நாளைக்குப் பேச்சு வராது. அவர்கள் திருட்டுத்தனமாக வெளியிட்டு, ஒப்பீட்டு மென்பொருளில் உங்கள் வரிகளே உங்களுக்கு எதிராக வந்தாலும் அந்த மெயில் பதில் சொல்லும். ஆனால் அதற்கு முன் அந்த மூன்று மாதக் கணக்கை நிரப்பிவிடுங்கள். குறிப்பேட்டில் இல்லாத மாதம் என்றால் இல்லை என்றே போடுங்கள்.